ஏழேமுக்கால் வண்டியில் ஒரு துண்டு

கோவைக்கு வெளியே, சோளக்காடுகள் முடிந்து கண்ணாடிக் கட்டடங்கள் தொடங்குகிற இடத்தில், ஒரு மென்பொருள் கம்பெனி இருக்கிறது. அங்கே இன்னும் பெயர் வைக்காத பொருளுக்கெல்லாம் ‘துண்டு’ என்று எழுதுவார்கள். உலகத்தின் மற்ற மூலைகளில் இதே வேலை செய்கிறவர்கள் அந்த இடத்தில் ‘ஃபூ’ என்பார்கள், இரண்டாவது வேண்டுமென்றால் ‘பார்’ என்பார்கள். உண்மையான பெயர் வந்து சேரும்வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்கவும், வந்ததும் எழுந்து போகவும் அர்த்தமில்லாத ஒரு சொல் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். இங்கே மட்டும் ஏன் துண்டு என்று கேட்டால், கேட்கிறவரின் முகத்தைப் பார்த்து மூன்று கதைகளில் ஒன்றைச் சொல்வார்கள். இது அந்த மூன்றிலும் சேராதது.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கோகிலவாணி அந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். சேர்ந்தாள் என்று சொல்வதைவிட வைக்கப்பட்டாள் என்று சொல்லலாம். சுபத்ரா என்கிற பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவள் ஆவணியில் திரும்பி வரும்வரை அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய வேலையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நாற்காலியின் முதுகில் சுபத்ராவின் இளஞ்சிவப்பு ஸ்வெட்டர் தொங்கியது. கோகிலவாணி அதில் ஒருநாளும் சாய்ந்ததில்லை. காலை முதல் மாலை வரை அதற்கும் தன் முதுகுக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட்டு, விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் வருகிறவர்கள், “இது யாரோட இடம்?” என்று கேட்டால், “சுபத்ரா வருவாங்க” என்று சொன்னாள். குளிர் தாங்காமல் யாராவது ஸ்வெட்டரை இரவல் கேட்டாலும், “அவங்க வருவாங்க” என்றே சொன்னாள்.

அவள் எதையும் நம்பாதவளாகப் பிறக்கவில்லை. முந்தைய கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை அவளைப் பாராட்டி கேக் வெட்டினார்கள். திங்கட்கிழமை அவளுடைய அடையாள அட்டைக்கு ஆபீஸ் கதவு திறக்கவில்லை. அன்றிலிருந்து யார் கேக் கொடுத்தாலும் அவள் முதலில் கதவைத்தான் பார்ப்பாள்.

புதுக் கம்பெனியின் ஆட்கள் பட்டியலில் அவள் பெயரை ஏற்ற யாருக்கும் நேரமில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே, யாரோ ‘ஃபூ’ என்று அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். தினமும் காலையில் திரை அவளிடம், “வணக்கம், ஃபூ” என்றது.

“சார், இது யாரு ஃபூ?” என்று குழுத் தலைவர் கமலக்கண்ணனிடம் கேட்டாள்.

“அது ஒரு வெத்துச் சொல்லும்மா. பட்டாளத்துக்காரங்க வாயில இருந்து வந்ததுன்னு சிலர் சொல்லுவாங்க. பழைய கேலிச்சித்திரத்துல இருந்துன்னு சிலர். எங்கேயோ காலேஜ்ல பொம்மை ரயில் ஓட்டிட்டிருந்த பசங்க பரப்பினதுன்னும் ஒரு பேச்சு உண்டு. யாரோ போட்டாங்க, அப்புறம் யாரும் எடுக்கல.”

“ஒரு வார்த்தைக்கு மூணு பொறந்த ஊருன்னா, ரெண்டு பொய்யா இருக்கணுமே சார்.”

“மூணுமே பொய்யா இருந்தாலும் வேலை நடக்குதுல்ல?” என்று சிரித்தார் அவர். அந்தச் சிரிப்பையும் அவள் குறித்து வைத்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்து எட்டாம் நாள் பஸ்ஸில் துண்டு வந்தது.

வெள்ளைப்பாறையில் புறப்படும் ஏழேமுக்கால் வண்டியில், ஐந்தாவது நிறுத்தமான மஞ்சக்காட்டுப் பிரிவில் கோகிலவாணி ஏறுவாள். ஏறும்போதே எல்லா இருக்கைகளும் நிரம்பியிருக்கும். அன்று இடதுபக்கம் மூன்றாம் வரிசையில் ஜன்னலோர இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அதன் மேல், நீலக் கரை போட்ட ஈரிழைத் துண்டு ஒன்று பாதி மடிந்து கிடந்தது. பக்கத்து இருக்கையில் நூல் மில்லுக்குப் போகும் ராமாத்தாள் தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு எழுந்து ஏழு பேருக்குச் சமைத்துவிட்டு வருகிற ராமாத்தாளை எழுப்புகிற தைரியம் அந்த வண்டியில் யாருக்கும் கிடையாது. எனவே கண்டக்டர் மாரப்பன், கம்பியைப் பிடித்து நின்ற கோகிலவாணியைத்தான் கேட்டார்.

“ஏனம்மிணி, அங்க ஆள் வருதா?”

துண்டு போட்ட இடத்தைப் பற்றி யார் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும் என்பது எல்லா ஊர் பஸ்ஸிலும் உள்ள மரியாதை. போட்டவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

“வருதுங்க” என்றாள் கோகிலவாணி.

ஆள் வரவில்லை. பத்தாவது நிறுத்தம் தாண்டியதும் மாரப்பன் பொறுமை இழந்து துண்டை எடுக்கக் கையை நீட்டினார். கை வெறுமனே திரும்பி வந்தது. துண்டு கனக்கவில்லை, ஒட்டியிருக்கவில்லை, வழுக்கவும் இல்லை. பிடித்த மாதிரிதான் இருந்தது. இழுத்துப் பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை, துண்டு இருந்த இடத்தில் இருந்தது. இரண்டாம் முறையும் பார்த்துவிட்டு அவர், “சரி, வர்ற ஆள் வரட்டும்” என்று சொல்லி, பின்பக்கம் டிக்கெட் கொடுக்கப் போய்விட்டார். வண்டியில் இருந்தவர்களுக்கும் அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. துண்டு எப்படி நகராமல் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆள் யார் என்பதுதான் அவர்களைப் பிடித்து ஆட்டியது.

மறுநாளும் துண்டு இருந்தது, அதற்கடுத்த நாளும் இருந்தது. வண்டியைக் கழுவினால் நனைந்தது, வெயில் அடித்தால் உலர்ந்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து ஓய்வு பெற்ற நஞ்சப்பன், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கரையின் நிறத்தை ஆராய்ந்தார்.

“பச்சையா இருந்தா விவசாயச் சங்கம், செவப்பா இருந்தா மில் தொழிலாளி, கறுப்பா இருந்தா சாமி இல்லைங்கிறவர். இந்த நீலம் எந்தக் கட்சியிலும் சேரல. நிறம் காட்டாம வர்றவன் பெரிய ஆளாத்தான் இருப்பான்” என்றார்.

“வண்டி ஓனர் வெச்ச ஆளா இருக்குமுங்களா? நான் எத்தனை பேருக்கு டிக்கெட் போடாம விடறேன்னு பாக்க?” என்றார் மாரப்பன்.

“அப்ப விடறீங்கன்னு ஒத்துக்கறீங்க?”

“பேச்சுக்குச் சொன்னேனுங்க!”

இப்படித்தான் சந்தேகம் வண்டியில் ஏறியது, ஏறியது இறங்கவில்லை. முன்பெல்லாம் ராமாத்தாளின் குறட்டையைவிடச் சத்தமாக ஊர்க்கதை பேசிக்கொண்டு போனவர்கள், மூன்றாம் வரிசையைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார்கள். புதிதாக ஏறுகிறவர் யாராக இருந்தாலும் முப்பது பேர் பார்வையால் அவரைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார்கள். ஒரு தண்ணீர்க் குழாய் வியாபாரி, தலை ஈரமாக இருந்த ஒரே காரணத்துக்காக, “உங்களுதுங்களா?” என்று கேட்கப்பட்டு, என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் பயந்து அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனார். அவர் இறங்கியதே சந்தேகத்துக்குரியது என்று ஒரு கூட்டம் சொன்னது. வருகிற ஆள் எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று தெரியாததால், எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் போக டிரைவருக்குப் பயம். ஆளே இல்லாத சுடுகாட்டு நிறுத்தத்தில்கூட ஒரு நிமிடம் நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுப் போனார். வைகாசி முடிவதற்குள் அந்த நிறுத்தத்தில் ஒரு பெட்டிக்கடை வந்துவிட்டது. வண்டி நிற்கிற இடத்தில் கடை வருவது இயற்கைதானே.

தினமும் எட்டு, பத்து பேராவது அந்த இடத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டார்கள். ராமாத்தாள் தூங்கினாள். கோகிலவாணி, “ஆள் வருதுங்க” என்று சொன்னாள். அவள் ஒரு மணி நேரம் நின்றாள், கால் மாற்றி நின்றாள், பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினாள். ஜன்னலோரக் காற்று அந்தத் துண்டின் ஓரத்தைச் சுகமாக அசைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபடியே நின்றாள்.

அவளுக்கும் சந்தேகம், ஆனால் அவளுடையது வேறு சந்தேகம். உட்கார இடம் இருந்தும் யாரோ ஒருவருக்காக அது காத்திருக்கிறது, அதன் பக்கத்தில் தான் நிற்கிறாள் என்பது தற்செயல் இல்லை என்று அவள் நினைத்தாள். உனக்கு இங்கே இடம் இல்லை என்று யாரோ தனக்குச் சேதி சொல்கிறார்கள். மாரப்பன் போடுகிறாரா என்று பார்க்க ஒரு நாள் விடிந்ததும் வெள்ளைப்பாறைக்கே போனாள். வண்டி ஷெட்டிலிருந்து வரும்போதே துண்டு உள்ளே இருந்தது. ஒரு நாள் அதன் மேல் தன் கைக்குட்டையைப் போட்டாள்; அடுத்த வளைவில் கைக்குட்டை அவள் காலடியில் கிடந்தது. ஒருவர் போட்ட இடத்தில் இன்னொருவர் போட முடியாது, அது நியாயம்தான்.

அந்தக் கோபத்தோடு ஆபீசுக்குப் போனவளிடம் திரை, “வணக்கம், ஃபூ” என்றது.

அன்றைக்கு அவள் எழுதிய புரோகிராமில் பெயர் முடிவாகாத இடம் ஒன்று வந்தது. எல்லோரும் எழுதுகிற அந்தச் சொல்லை எழுத அவளுக்குக் கை வரவில்லை. அது தன் மேல் போட்டிருக்கிற சொல். ஒரு கணம் யோசித்து, ‘துண்டு’ என்று எழுதினாள். அடுத்ததற்கு ‘துண்டு2’. உண்மைப் பெயர் வந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். பக்கத்தில் இருந்தவன் அவளுடைய வரிகளை நகல் எடுத்துத் தன் வேலையில் ஒட்டினான். அவனுடையதை அடுத்த அறையில் இருந்தவள் எடுத்தாள். ஆனி மாதத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் போனில் நிதானமாக, எழுத்துக் கூட்டி, “தன்டு என்றால் என்ன?” என்று கேட்டார். கமலக்கண்ணன் விழித்தார், பிறகு, இது இந்தப் பகுதியின் பழைய தொழில்நுட்பச் சொல் என்று அடித்துவிட்டார்.

ஆடியில் ஒரு நாள், உணவறையில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் இன்னொருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது கோகிலவாணியின் காதில் விழுந்தது. “துண்டுன்னா நம்ம கம்பெனி ஆரம்பிச்சவரோட தாத்தா நெசவுக்காரர்டா. அவரு ஞாபகமா வெச்சது.” அவன் முகத்தில் பொய் சொல்கிற அடையாளம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பு தான் கோபத்தில் போட்ட சொல்லுக்கு ஒரு தாத்தா கிடைத்துவிட்டதை அவள் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆவணி முதல் வாரத்தில் கடிதம் வந்தது: திங்கட்கிழமை சுபத்ரா வேலைக்குத் திரும்புகிறாள். மாலையில் கமலக்கண்ணன் கோகிலவாணியின் மேசைக்கு ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து வைத்தார். யாருக்கோ பிறந்தநாள் என்றார். அவள் கதவைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். புரோகிராமில் தப்பு வந்தால் செய்கிற மாதிரி, மாறாமல் தினமும் நடப்பதையெல்லாம் வரிசையாக எழுதினாள். வண்டி வருகிறது. துண்டு இருக்கிறது. ராமாத்தாள் தூங்குகிறாள். யாரோ கேட்கிறார்கள். ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டு அடித்துக்கொண்டே வந்தாள். தப்பைத் தேடுகிறவர்கள் உலகத்தில் உள்ள எல்லார் வரிகளையும் பார்த்த பிறகுதான் தங்கள் வரியைப் பார்ப்பார்கள். அது அந்தத் தொழிலின் பழக்கம். அவளும் கடைசியாகத்தான் அதை எழுதினாள். ‘நான், ஆள் வருது என்று சொல்கிறேன்.’

பேனாவை அந்த வரியின் மேல் வைத்தவள், அடிக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

திங்கட்கிழமை மஞ்சக்காட்டுப் பிரிவில் ஏறி, வழக்கமான கம்பியைப் பிடித்தாள். அடுத்த நிறுத்தத்தில் குடையோடு ஒருவர் ஏறி, காலி இடத்தைப் பார்த்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“ஆள் வருதுங்களா?”

நாலு மாதமாக அதே குரலில் வந்துகொண்டிருந்த பதில் வராமல் போகவே, வண்டியே திரும்பிப் பார்த்தது. ராமாத்தாள்கூடக் கண் விழித்தாள்.

“ஆரும் வரலீங்க” என்றாள் கோகிலவாணி. “நாந்தேன் உக்காரப் போறேன்.”

குனிந்து துண்டை எடுத்தாள். வந்தது. எல்லாத் துண்டும் எடுத்தால் வருகிற மாதிரி வந்தது. உதறி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ராமாத்தாளின் முழங்காலைத் தாண்டிப் போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு கிலோமீட்டருக்கு எல்லோரும் அவள் மடியையே பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

“அப்ப நீதானா அது!” என்றார் நஞ்சப்பன். “நாலு மாசம் பக்கத்துலயே நின்னு எங்களை வேவு பாத்திருக்கியே அம்மிணி!”

“நான் போடலீங்க. எனக்கும் தெரியாது.”

“தெரியாமத்தான் உன்ற கைக்கு மட்டும் வந்துதாக்கும்? மொத நாளு ஆள் வருதுன்னு சொன்னதே இந்தப் புள்ளதானுங்க!” என்றார் மாரப்பன். “அன்னிக்கே நெனச்சேன்.”

“நெனச்சவரு ஏனுங்க சுடுகாட்டுல எல்லாம் வண்டிய நிறுத்த உட்டீங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“அட, உக்காந்தா உக்காந்துட்டுப் போகட்டும், உடுங்க. அந்த ஜன்னலக் கொஞ்சம் நல்லாத் தொற அம்மிணி, இங்கயும் காத்து வரட்டும்” என்று சொல்லிவிட்டு ராமாத்தாள் மறுபடியும் தூங்கிப்போனாள்.

இன்றைக்கும் அந்த வண்டியில் கோகிலவாணி ஏறினால் நஞ்சப்பன் தன் பையை மடியில் இறுக்கிக்கொள்கிறார். அவள் ஆபீசர் என்றும், ஏதோ பெரிய அறிக்கை எழுதி மேலே அனுப்பிவிட்டாள் என்றும் அங்கே உறுதியாகச் சொல்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஆபீசில் அவளுடைய அட்டைக்குக் கதவு திறந்தது. திறந்ததை அவள் நம்பவில்லை. உள்ளே சுபத்ரா தன் நாற்காலியில், இளஞ்சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்போடு உட்கார்ந்திருந்தாள். கமலக்கண்ணன் எழுந்து வந்தார்.

“கோகிலா, உங்க அட்டை இன்னிக்கு ஆறு மணி வரைக்கும்தான் வேலை செய்யும். நான் பேசிப் பாத்தேன். பட்டியல்ல ஃபூன்னுதான் இருக்கு. உங்க பேரே அங்க இல்ல, என்னத்தைச் சொல்லிப் பேசறது?”

“சரிங்க சார்” என்றாள். கையில் இருந்த துண்டை என்ன செய்வதென்று தெரியாமல், சுபத்ராவுக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த நாற்காலியில் போட்டுவிட்டு, முகம் கழுவப் போனாள். இடம் பிடிக்கவேண்டும் என்று போடவில்லை. இல்லையென்றும் சத்தியம் செய்ய முடியாது.

திரும்பி வரும்போது கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஆட்கள் பிரிவைச் சேர்ந்த ரெபேக்கா, கையில் பட்டியலோடு காலி நாற்காலிகளை எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். எண்ணியதையெல்லாம் இரண்டாம் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துண்டு கிடந்த நாற்காலியின் முன்னால் நின்று சுபத்ராவைக் கேட்டாள்.

“இங்க ஆள் இருக்காங்களா?”

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள்தான் உண்டு; அதில் ஒன்றைச் சொல்வதற்குச் சுபத்ராவுக்கு ஒரு காரணமும் இல்லை.

சுபத்ரா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஆள் வருது” என்றாள்.

ரெபேக்கா துண்டை எடுக்கப் பார்த்தாள். கை வெறுமனே திரும்பி வந்தது. கமலக்கண்ணன் எடுத்துப் பார்த்தார். நாற்காலி தூக்க வந்தவர் பார்த்தார். காவலாளியைக் கூப்பிட்டார்கள், அவரும் பார்த்தார். இரண்டாம் மாடியில் வேலை கிடந்ததால் ரெபேக்காவுக்கு அதற்கு மேல் நிற்க நேரமில்லை.

“அப்ப பேர் சொல்லுங்க. காலியா விட்டா இது ஏத்துக்காது.”

“கோகிலவாணி” என்றாள் சுபத்ரா. ரெபேக்கா அடிக்கும்வரை பார்த்திருந்து, தப்பாக விழுந்த ஓர் எழுத்தையும் திருத்தச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகுதான் கோகிலவாணி உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டாள். அவள் குரலில் நன்றியைவிடச் சந்தேகம்தான் அதிகம் இருந்தது. “உங்களுக்கு என்ன வேணும்?”

“நீதான் கோகிலவாணியா?” என்று சுபத்ரா நாற்காலியைத் திருப்பினாள். “ஒண்ணு, என் வேலை முழுக்க துண்டு துண்டுன்னு நூத்தி நாப்பது இடத்துல கெடக்கு. எது எதுக்குன்னு உனக்குத்தான் தெரியும். நீ போயிட்டா நான் குழந்தையப் பாக்கறதா, இதப் பாக்கறதா?”

“ரெண்டு?”

“இந்த ஆபீஸ்ல சார்ஜர் வெச்சுட்டு டீ குடிக்கப் போனாலே திரும்பி வந்தா இருக்காது. ஆறு மாசம் கழிச்சு வர்றேன், என் ஸ்வெட்டர் தொங்க விட்ட நாற்காலியிலயே அப்படியே தொங்குச்சு. நாற்காலி உயரம்கூட யாரும் மாத்தல. யாரு பாத்துக்கிட்டதுன்னு வந்ததும் கேட்டேன்.” அவள் மறுபடி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “தினமும் நீதான் சொன்னியாமே, நான் வருவேன்னு.”

கோகிலவாணி அந்தச் சொற்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். உள்ளே வேறு எதுவும் ஒளித்து வைத்திருப்பதாகத் தெரியவில்லை. துண்டை எடுத்தாள்; வந்தது. மடித்து நாற்காலியின் முதுகில் போட்டாள். பிறகு உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, நாலு விரலும் மூன்று விரலும் இரண்டு விரலுமாக, சாய்ந்தாள்.